புயலுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய சீட்டு

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கஜா புயல் எங்களைக் கடந்து போய்விட்டது. வேதாரண்யம் பக்கம், ஆயக்காரன்புலத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. விடிந்து பார்த்தால் மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகனுக்குத் தெரிய ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் அவன் என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான் என்று இன்றுவரை நான் அவனிடம் கேட்டதில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கஜாவுக்குப் பிறகு எங்கள் தெருக்காரர்களை உட்காரவைத்து ஓர் ஏற்பாடு செய்தேன். கடலோரத்திலோ ஆற்றங்கரையிலோ இருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்துகொள்ளலாம். பெரும்பகுதிக்குக் காசு செலவில்லை.

முதல் வேலை, வெளியூரில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பது. எங்களுக்குக் கோவையில் இருக்கும் என் நாத்தனார். பேரிடர் நேரத்தில் ஒரே ஊருக்குள் எல்லோரும் எல்லோரையும் அழைப்பார்கள். உள்ளூர் செல்போன் கோபுரம் வேலை செய்யாமல் போனால் ஒருவரும் பேச முடியாது. நின்றுபோன கோபுரங்களில் ஒன்றிரண்டு மீண்டு வந்தாலும் நெரிசலில் அழைப்பு போகாது. புயல் தொடாத ஊரில் இருப்பவரின் போனோ எப்போதும் வேலை செய்யும். ஆகவே வேதாரண்யத்தில் இருக்கும் நானும், திருவாரூரில் இருக்கும் தங்கையும், சிங்கப்பூர் மகனும் ஒருவரையொருவர் தேடுவதில்லை. மூவரும் நாத்தனாரைத்தான் தேடுவோம். யாருக்கு எப்போது சிக்னல் கிடைத்தாலும் ஒரே ஓர் அழைப்பு, கோவைக்கு. மற்றவர்களுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. அந்த ஆள் பதற்றப்படாதவராக, எதையும் எழுதி வைத்துக்கொள்பவராக இருக்க வேண்டும். பாசம் அதிகம் உள்ளவர் என்பதற்காக யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அந்த எண்ணை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். போனுக்குள் இருக்கும் எண், போன் நனைந்தால் போயிற்று. மற்ற எண்களை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு வையுங்கள். முகாமுக்குக் கிளம்பும்போது எதை மறந்தாலும் ரேஷன் கார்டை யாரும் மறப்பதில்லை.

அடுத்தது, சேதியைக் கையால் எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்பும் சீட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கஜா அடித்த நான்காம் நாள் திருப்பூரிலிருந்து நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. அது திரும்பும்போது, சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டோம். பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பதினோரு வீட்டாரின் சேதியை நான்தான் எழுதினேன். அவரும் உடன் வந்த பையனும் அன்றிரவே உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. மூன்று பேருக்குப் போகவில்லை. ஒன்றில் நான் எழுதிய 1, 7 போல இருந்தது. இன்னொன்றில் ஓர் இலக்கம் விட்டுப் போயிருந்தது. மூன்றாவது என் மகனுடையது. சிங்கப்பூர் எண்ணுக்கு எட்டு இலக்கம். அதை மட்டும் எழுதி, முன்னால் நாட்டுக்குரிய 65 போட மறந்திருந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழை திருத்திய கை அது.

அதனால் சீட்டு எழுதும்போது இப்படி எழுதுங்கள். எண்ணை இலக்கமாக ஒரு முறை, எழுத்தால் ஒரு முறை. வெளிநாட்டு எண் என்றால் முன்னால் கூட்டல் குறியும் நாட்டு எண்ணும்: சிங்கப்பூர் 65, மலேசியா 60, அமீரகம் 971, சவூதி 966, குவைத் 965, கத்தார் 974. ஆனால் வேன் ஓட்டுபவரின் சிம்மிலிருந்து வெளிநாட்டுக்கு அழைப்பே போகாமல் இருக்கலாம். ஆகவே சீட்டில் வெளிநாட்டு எண்ணுக்குப் பதிலாகக் கோவை எண்ணைக் கொடுப்பதே நல்லது. யாரிடம் சொல்ல வேண்டும், யார் சொல்கிறார்கள், எந்த ஊர், தேதி, நேரம், ஒரு வரி சேதி. இவ்வளவு போதும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மைப் பேனா ஈரத்தில் கரைந்துவிடும். பெயரும் எண்ணும் நிரப்பிய இரண்டு சீட்டுகளை ஐப்பசிக்கு முன்பே எழுதி வைத்தால், சம்பவத்தன்று தேதியும் சேதியும் மட்டும் சேர்த்தால் போதும். ஊருக்குள் வரும் நிவாரண வண்டி, ஆம்புலன்ஸ், கம்பம் நட வரும் மின்வாரிய ஊழியர்களின் லாரி, எது திரும்பிப் போனாலும் ஒரு சீட்டு அதில் போகட்டும்.

சிக்னல் ஒரு கோடு வந்துவிட்டது என்று வையுங்கள். உடனே பேச முயலாதீர்கள். குறுஞ்செய்தி அனுப்புங்கள். பேச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வழி திறந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திக்குச் சில நொடி போதும். எதிர்ப்பக்கம் போன் அணைந்திருந்தாலும் அது நிறுவனத்தின் கணினியில் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். வாட்ஸ்அப்புக்கு இணையம் வேண்டும், குறுஞ்செய்திக்கு வேண்டாம்.

இதில் தமிழில் எழுதுபவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்தில் 70 இடம்தான். அந்த 70-இலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'பள்ளி' என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போகும். மோசமான சிக்னலில் ஒரு துண்டு சேர்ந்து மறு துண்டு சேராமல் போகலாம். நான் எண்ணிப் பார்த்து வைத்திருக்கும் வாசகம் இது: 'அனைவரும் நலம். வீடு சேதம். பள்ளி முகாமில் இருக்கிறோம். 17 காலை 6'. இடைவெளியும் சேர்த்து 64 இடம். கடைசியில் இருக்கும் தேதியும் நேரமும் மிக முக்கியம். இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேரும் செய்தியில் தேதி இல்லாவிட்டால், படிப்பவர் அதை இன்றைய நிலை என்றே நினைப்பார்.

போனில் உயிர் இருந்தால்தானே இதெல்லாம். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஃபிளைட் மோடில் போடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு, இந்த மூன்று வேளை மட்டும் பத்து நிமிடம் திறந்து பாருங்கள். கோவையில் நாத்தனாருக்கும் இதே வேளைதான் தெரியும். மற்ற நேரத்தில் நாங்கள் எடுக்கவில்லை என்றால் அவர் பயப்பட மாட்டார். மகனுக்கும் இதைச் சொல்லியிருக்கிறோம்: சேதி வரவில்லை என்றால் கோபுரம் விழுந்திருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொள்.

வீட்டில் ஒரு பட்டன் போன் இருக்கட்டும்; ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாள் தாங்கும். அதில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போடுங்கள். ஒரு நிறுவனத்தின் கோபுரம் சாய்ந்தாலும் மற்றது நிற்கலாம். எச்சரிக்கை வந்த அன்றே எல்லாப் போனையும் பவர் பேங்கையும் நிரப்பிவிடுங்கள். டிராக்டரிலும் காரிலும் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர் சில நூறு ரூபாய்தான். பேட்டரி முனையில் நேரடியாக ஒயரைச் சொருகிப் போனைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோபுரங்களுக்கும் பேட்டரியும் டீசலும்தான் ஆதாரம். மின்சாரம் போன பிறகு அவை சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஒவ்வொன்றாக அணையும். எனவே சேதி சொல்ல நல்ல நேரம், காற்று ஓய்ந்த முதல் சில மணி நேரம். ஆனால் காற்று உண்மையிலேயே ஓய்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கஜாவன்று நடுவில் திடீரென்று அமைதியானது. சிக்னல் பார்க்கிறேன் என்று என் கணவர் மாடிப்படியில் கால் வைத்துவிட்டார். 1952 புயலைப் பதினான்கு வயதில் பார்த்தவர் என் மாமியார். "இறங்குடா, இன்னொரு பக்கத்துக் காற்று பாக்கியிருக்கிறது" என்று கத்தினார். புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த் திசையிலிருந்து அடித்தது. மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி எங்கே போனது என்று தெரியவில்லை.

உங்கள் நிறுவனத்தின் சேவை இல்லை, திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டுகிறது என்றால் மனம் தளராதீர்கள். வேறு நிறுவனத்தின் கோபுரம் அருகில் உயிரோடு இருக்கிறது என்று அதற்குப் பொருள். அவசர உதவி எண்ணான 112 அதன் வழியாகப் போகும். இன்னொரு வழியும் உண்டு. 2023 ஜூனில் குஜராத்தை பிபர்ஜாய் புயல் தாக்கியபோது, எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரும் எந்தக் கோபுரத்தையும் பயன்படுத்தலாம் என்று தொலைத்தொடர்புத் துறை திறந்துவிட்டது. அப்படி அறிவித்தால், போன் அமைப்பில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்திவிட்டு, பட்டியலிலிருந்து நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எப்படி என்று இப்போதே ஒரு முறை செய்து பாருங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. வேறு மாவட்டத்திலிருந்து அழைத்தால் முன்னால் அந்த மாவட்டத்தின் எஸ்டிடி எண் வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. ஆம்புலன்ஸ் 108. நமக்காக நாத்தனாரே கோவையிலிருந்து நாகப்பட்டினத்து 1077-ஐ அழைக்கலாம் என்பதால் இந்த எண்கள் அவரிடமும் இருக்கின்றன.

கேட்பதற்கு வானொலியை மிஞ்சியது இல்லை. பென்சில் செல்லில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். எங்கள் பக்கத்தில் காரைக்கால் பண்பலை 100.3, திருச்சி வானொலி மத்திய அலையில் 936. போனிலேயே எஃப்எம் இருந்தாலும் ஒயர் உள்ள இயர்போன் செருகினால்தான் எடுக்கும். அந்த ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் அதை வெட்டிவிடாதீர்கள். அதற்கான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வருகிறது. ஃபைபர் இணைப்புக்கு அந்த வசதி கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அன்பினால் சாட்டிலைட் போன் வாங்கி வருகிறேன் என்பார்கள். வேண்டாம். உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபடுவார்கள். ஆர்வமுள்ள பிள்ளைகள் ஊரில் இருந்தால், உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கான தேர்வு எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயது ஆனாலே எழுதலாம். 2004 சுனாமியின்போது தற்செயலாக போர்ட் பிளேரில் ரேடியோவோடு இருந்த டெல்லி ஹாம் பாரதி பிரசாத்தும் அவர் குழுவும்தான் அந்தமானிலிருந்து எத்தனையோ குடும்பங்களின் சேதியை வெளியே அனுப்பினார்கள்.

உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பும் செய்தியில் இடம், அடையாளம், ஆள் எண்ணிக்கை, தேதி, நேரம் இருக்கட்டும். உதவி வந்துவிட்டால் 'வந்துவிட்டது' என்று அதே குழுவில் போடுங்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மீட்கப்பட்டவர்களுக்கான வேண்டுகோள்கள் பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்துப் படகு அங்கே போனால், இன்னொரு தெருவில் மாடியில் நிற்பவர் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, உறையைப் பிரித்து எண்களைச் சரிபார்க்கிறோம். மாறிப்போன எண் ஒன்றாவது இருக்கும். ரேடியோவின் செல்லை மாற்றுவோம். பிறகு ஒவ்வொருவரும் கோவை எண்ணைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். கடந்த முறை பேரன் எட்டாவது இலக்கத்தில் தடுமாறினான். எண்பத்தைந்தைத் தாண்டிய மாமியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் தாளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.