ராத்திரி தூக்கம் போச்சா? மறுநாள் ஆபீஸ்ல இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ராத்திரி 2 மணி வரைக்கும் முழிச்சிருந்துட்டு காலைல 6 மணி அலாரத்துக்கு எந்திரிச்சு ஆபீஸ் ஓடுற ஆளுங்க நம்மூர்ல எக்கச்சக்கம். கொழந்தைக்கு ஜொரமா இருந்திருக்கும், ஆபீஸ்ல ரிலீஸ் நைட்டா இருந்திருக்கும், பக்கத்து தெரு கோயில் ஸ்பீக்கரா இருந்திருக்கும், இல்ல சும்மா ரீல்ஸ் தள்ளி தள்ளியே மணி ரெண்டாயிருக்கும். எதுவா இருந்தா என்ன, போன தூக்கம் போச்சு. ஆனா அந்த ஒரு பகல ஓட்டுறதுக்கு நாம பண்ற வேலைங்க இருக்கே, அதுல பாதி இன்னைக்கு ராத்திரி தூக்கத்தையும் சேத்து கெடுக்குது, மீதி நம்மளையே கவுத்து விடுது.

எல்லாத்துக்கும் மூல தப்பு எதுன்னா "எனக்கு ஒன்னும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்"ன்னு நம்புறது. தூங்காத மூளைக்கு தான் எவ்ளோ மோசமா இருக்கோம்னே தெரியாது. 2003-ல அமெரிக்காவுல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில, ரெண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டு பாத்தாங்க. கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் டெஸ்ட் வச்சா, ஒன்னு ரெண்டு ராத்திரி கண்ணே மூடாதவங்க அளவுக்கு எறங்கிட்டாங்க, ஆனா தூக்கம் வருதான்னு கேட்டா ஏதோ லேசா வருதுன்னு சொன்னாங்க. அதனால "எனக்கு 5 மணி நேரம் போதும், பழகிடுச்சு"ன்னு யாராவது பெருமையா சொன்னா, பழகினது அந்த மந்தம்தான்னு வச்சுக்கோங்க. இப்படிப்பட்ட நாள்ல நம்ம ஃபீலிங்க கேட்டு முடிவெடுக்கவே கூடாது, முன்னாடியே ரூல் வச்சுக்கணும்.

இப்போ காபி விஷயத்துக்கு வருவோம், அதிகமா சொதப்புறது இங்கதான். நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளைல அடினோசின்னு ஒன்னு சேந்துகிட்டே வரும், அது சேரச் சேரத்தான் தூக்கம் சொக்கும். காபில இருக்குற கஃபீன் அத கரைக்கிறதெல்லாம் இல்ல, அடினோசின் போய் உக்கார வேண்டிய எடத்துல பஸ் சீட்டுக்கு துண்டு போடுற மாதிரி முன்னாடியே எடத்த புடிச்சுக்குது, அவ்ளோதான். அடினோசின் எங்கயும் போகல, நடுவுல நின்னுகிட்டே இருக்கு, துண்ட எடுத்ததும் மொத்த கூட்டமும் ஒரேயடியா உக்காரும். காலைல ரெண்டு பெரிய டம்ளர் ஒரே மூச்சுல குடிச்சவன் மத்தியானம் பொத்துன்னு விழுறான்ல, அதுல இதுக்கும் பங்கு இருக்கு. காலைலேந்து மத்தியானம் வரைக்கும் சின்ன சின்ன டம்ளரா பிரிச்சு குடிக்கிறதுதான் உத்தமம்.

சாயங்காலம் 5 மணி காபி இன்னும் மோசம். குடிச்ச கஃபீன்ல பாதி கரையவே சராசரியா 5 மணி நேரம் ஆகும், சில பேருக்கு இன்னும் அதிகம், அப்போ ராத்திரி 10 மணிக்கும் பாதி உள்ளதான் இருக்கு. படுத்தா தூக்கம் வரலையேன்னு மறுபடி போன எடுப்பீங்க, மறுநாளும் இதே கதை. மத்தியானம் 2 மணிக்கு மேல காபி டீ வேணாம்னு ஒரு கோடு போட்டுடுங்க. இன்னொன்னு, "டிகாக்ஷன் கருப்பா கசப்பா இருக்கு, செம ஸ்ட்ராங்"னு நினைப்போம், ஆனா ஃபில்டர் காபி பொடில நெறைய பிராண்ட்ல சிக்கரி கலந்திருக்கும், சிக்கரில கஃபீனே கிடையாது. கசப்ப வச்சு கணக்கு போடாதீங்க.

அப்புறம் மத்தியான சாப்பாடு. தூக்கம் கம்மியான அன்னைக்கு பசிய தூண்டுற ஹார்மோன் ஏறும், போதும்னு சொல்ற ஹார்மோன் எறங்கும், அதான் அன்னைக்குன்னு பாத்து பிரியாணியும் குலாப்ஜாமூனும் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. ஆனா 1 மணிலேந்து 3 மணி வரைக்கும் வர்ற அந்த மந்தம் சாப்பிடலன்னாலும் வரும், ஒடம்போட கடிகாரமே அப்படித்தான். அதுக்கு மேல ஃபுல் மீல்ஸ கட்டு கட்டுன்னு கட்டிட்டு ஏசி ரூம்ல ப்ரொஜெக்டர் போட்ட மீட்டிங்ல போய் உக்காந்தா என்ன ஆகும்? கொஞ்சம் சாதம், நெறைய காய், கூட ஒரு முட்டையோ சுண்டலோ, அதோட எந்திரிச்சிருங்க. சாப்ட்டதும் சீட்டுக்கு போகாம வெளிய வெளிச்சத்துல ஒரு 10 நிமிஷம் நடங்க, நல்ல வெளிச்சமே முழிப்ப குடுக்கும்.

குட்டித் தூக்கம் போடலாமான்னா, தாராளமா போடலாம், நம்மூர்ல அத சோம்பேறித்தனம்னு பாக்குறதுதான் தப்பு. ஆனா எவ்ளோ நேரம்ங்குறதுலதான் சூட்சுமமே இருக்கு. 20 நிமிஷத்துல எந்திரிச்சா தெளிவா இருக்கும். ஒரு மணி நேரம் போட்டீங்கன்னா ஆழ்ந்த தூக்கத்துக்குள்ள எறங்கி, நடுவுல அலாரம் அடிச்சு, எங்க இருக்கோம் இது காலையா சாயங்காலமான்னே புரியாம வாய் கோணி கன்னத்துல கீபோர்டு அச்சோட அரை மணி நேரம் முழிச்சுட்டு இருப்பீங்க. ஒரு தந்திரம் இருக்கு, கேக்க கிறுக்குத்தனமா இருக்கும் ஆனா வேலை செய்யும்: 2 மணிக்கு முன்னாடி ஒரு சின்ன காபிய மடக்குன்னு குடிச்சிட்டு உடனே படுங்க, கஃபீன் ஏற எப்படியும் 20, 30 நிமிஷம் ஆகும், எந்திரிக்கிற நேரத்துக்கு அதுவும் கரெக்டா ஏறியிருக்கும். எடம் இல்லன்னா பார்க்கிங்ல ஒரு கார் சீட் போதும், ஜன்னல கொஞ்சம் எறக்கி விட்டுக்கோங்க. ஆனா சாயங்காலம் 7 மணிக்கு வீட்டுக்கு வந்து சோபால சாயுறத மட்டும் வேணாம், 9 மணிக்கு முழிச்சு 1 மணி வரைக்கும் கொட்ட கொட்ட உக்காந்திருப்பீங்க.

வேலைய எந்த நேரத்துல செய்றோம்ங்குறதும் முக்கியம். கஷ்டமானத "கொஞ்சம் தெளிஞ்சதும் பாத்துக்கலாம்"னு சாயங்காலத்துக்கு தள்ளுவோம், அன்னைக்கு தெளிவு வரவே வராது, காலைல 10லேந்து 12 வரைக்கும் இருக்குறதுதான் பெரும்பாலான ஆளுங்களுக்கு இருக்குற மொத்த சரக்கு. முக்கியமானத அதுல முடிச்சிட்டு மத்தியானத்துக்கு ஆளுங்ககிட்ட பேசுற வேலை, நடக்குற வேலைன்னு வச்சுக்கோங்க. தூங்காத மூளைக்கு ஆகவே ஆகாதது ஒரே மாதிரி சலிப்பா நீளமா போற வேலைதான், 300 வரி எக்ஸெல் செக் பண்றது மாதிரி. ஒரே மெயில நாலு தடவ படிச்சும் மண்டைல ஏறலன்னா அதான் சிக்னல், அந்த நேரத்துல யாருக்கும் கோவமா ரிப்ளை போடாதீங்க, டிராஃப்ட்ல போட்டு வைங்க. பேங்க் டிரான்ஸ்ஃபர், அக்கவுண்ட் நம்பர், சர்வர்ல எதையாவது டெலிட் பண்றது, இதெல்லாம் நாளைக்கு தள்ள முடியலன்னா பக்கத்து சீட் ஆள கூப்பிட்டு "ஒரு தடவ பாருங்க ப்ரோ"ன்னு காட்டிட்டு அப்புறமா பட்டன அமுக்குங்க. வெக்கப்பட ஒன்னும் இல்ல.

சளிக்கு மாத்திர போடுறவங்க கவனிங்க, செட்ரிசின், குளோர்ஃபெனிரமின் மாதிரி மருந்து அதுல இருந்தா அதுவே தூக்கத்த கொண்டு வரும், அரை தூக்கத்துல இருக்குறவனுக்கு கேக்கவே வேணாம்.

எல்லாத்துலயும் பயப்பட வேண்டிய தப்பு, அப்படியே வண்டி எடுக்குறது. 1997-ல வந்த ஒரு ஆய்வுல, தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ற திறமை, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குறவங்க அளவுக்கு கொறஞ்சுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டு சட்டத்துல வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. காலைல 6 மணிக்கு எந்திரிச்சவன் ராத்திரி 11 மணிக்கு பைக் எடுத்தா 17 மணி நேரம் ஆச்சு, அதுவும் முந்தின ராத்திரி ஒழுங்கா தூங்கினவனுக்கே இந்த கணக்கு. ஊதச் சொல்லி போலீஸ் மடக்கினா மெஷின்ல ஒன்னும் காட்டாது, ஆனா கண்ணு 3 செகண்ட் தானா மூடினா 60 கிலோமீட்டர் வேகத்துல 50 மீட்டர் தாண்டியிருப்பீங்க, மூடினதே தெரியாது. பாட்ட சத்தமா வைக்கிறது, கார் கண்ணாடிய எறக்குறது, கன்னத்துல தட்டிக்கிறதெல்லாம் சில நிமிஷத்துக்கு மேல தாங்காது. அன்னைக்கு மட்டும் பஸ்ஸோ ட்ரெயினோ புடிங்க, வண்டி ஆபீஸ்லயே நிக்கட்டும். வழில கண்ணு சொருகினா ஓரமா பத்திரமான எடத்துல நிறுத்தி 20 நிமிஷம் தூங்கிட்டு கெளம்புங்க.

வீடு வந்து சேந்தாச்சா, இழந்தத ஈடு கட்டுறேன்னு 8 மணிக்கே படுக்காதீங்க, நடு ராத்திரி முழிப்பு தட்டும். வழக்கத்த விட ஒரு மணி நேரம் முன்னாடி போதும். தூக்கம் வரட்டும்னு ஒரு பெக் போடுறவங்களும் இருக்காங்க, அது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனா பின் ராத்திரி தூக்கத்த துண்டு துண்டாக்கிடும். ஞாயித்துக்கிழமை 12 மணி வரைக்கும் இழுத்து போத்திட்டு தூங்குனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது, திங்கக்கிழமை காலி.

இதெல்லாம் ஒரு நாள் ரெண்டு நாள் கூத்துக்கு. ராத்திரி 7, 8 மணி நேரம் படுக்கைல இருந்தும் பகல்ல சொக்குதுன்னா காபிய மாத்தி பிரயோஜனம் இல்ல, டாக்டர்கிட்ட போய் ஹீமோகுளோபின், தைராய்டு பாக்கணுமான்னு கேளுங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியாவா கூட இருக்கலாம், பலத்த குறட்டை அதுக்கு ஒரு அறிகுறி. குறட்டை விடுறீங்களான்னு டாக்டர் கேட்டா சட்டுன்னு "சேச்சே இல்லவே இல்ல டாக்டர்"ன்னு சொல்லிடாம, பக்கத்துல படுக்குறவங்கள கூடவே கூட்டிட்டு போங்க, அவங்க சொல்லட்டும்.