வாசிகசாலையில் அமெரிக்க நாவலாசிரியர் கோல்சன் வைட்ஹெட்டை அறிமுகம் செய்வது எப்படி?

பத்து நிமிடப் பேச்சுக்குக் கொப்பியில் நாலு பக்கம் தாராளம். முதல் நாளே மணிக்கூட்டை வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

"1969இல் நியூயோர்க்கில் பிறந்தார்" என்று தொடங்கினால் பின்வரிசை போனை எடுத்துவிடும். பிறப்பு, ஹார்வேட் படிப்பு, பத்திரிகையில் விமர்சனம் எழுதிய காலம், லிப்ட் பரிசோதகர்களைப் பற்றிய 1999ஆம் ஆண்டு முதல் நாவல் எல்லாம் நாலு வரிக்குள் முடியட்டும்.

மிச்ச நேரம் அவருடைய 'த அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்' (நிலத்தடி ரயில்பாதை) நாவலுக்கு. அமெரிக்க வரலாற்றில் அந்தப் பெயரில் இருந்தது ரயிலே இல்லை. அடிமைகளைத் தப்பவைத்த இரகசிய ஆட்களும் வீடுகளும்தான். நாவலில்தான் நிலத்துக்குக் கீழே நிஜத் தண்டவாளம். இதை முதலிலேயே பிரித்துச் சொல்லாவிட்டால் சபை கடைசிவரை குழம்பும். தண்டவாளம் இல்லாமற்போய், 2013இல்தான் யாழ்தேவி ரயில் திரும்பி வந்த கிளிநொச்சியில் அந்தத் தண்டவாளத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

எல்லாரும் சறுக்குவது ஆண்டில். இந்த நாவல் வந்தது 2016, அதற்குப் புலிட்சர் பரிசு 2017. அடுத்த நாவல் 'த நிக்கல் போய்ஸ்' 2019, அதற்கான புலிட்சர் 2020. இரண்டையும் அருகருகே எழுதி அடிக்கோடிடுங்கள்.

வாசித்துக் காட்ட அரைப்பக்கம் போதும். மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். முடிவை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.