லாரித் தண்ணீரில் குளோரின் அளவைச் சோதிக்கும் முறை

கோடை பிறந்துவிட்டால் சென்னைப் புறநகர் அடுக்ககங்கள் பலவற்றுக்கு லாரித் தண்ணீரே கதி. அந்தத் தண்ணீரில் குளோரின் வாடை வீசுவதை மட்டும் நம்பிக் குடித்துவிடக் கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்துவிட்ட குளோரினும் வாடை வீசும், ஆனால் கிருமிகளைக் கொல்லும் வலு அதற்கு மிகக் குறைவு. நாம் அளக்க வேண்டியது, எதனோடும் சேராமல் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரினை.

மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்து மலிவானது. ஆனால் அது சேர்ந்த குளோரினையும் கூட்டிக் காட்டிவிடும், நச்சுத்தன்மையும் உடையது என்பதால், இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி 1-ஆம் எண் மாத்திரையையும் அதற்குரிய நிற அட்டையுடன் கூடிய குப்பியையும் வாங்குவதே நல்லது.

லாரி வந்ததும், குழாயைச் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) இறக்குவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். பழைய தண்ணீரோடு கலந்தபின் சோதித்தால் லாரிக்காரர் கொண்டுவந்தது எது, நம் சம்ப் கெடுத்தது எது என்று பிரித்தறிய வழியில்லை. முதலில் வரும் தண்ணீரைச் சற்று ஓடவிட்டு, குப்பியை அதே தண்ணீரால் மும்முறை அலசி, 10 மில்லிலிட்டர் கோடு வரை நிரப்பவும். மாத்திரையை விரல் படாமல் உறையிலிருந்து நேரே குப்பிக்குள் விழச்செய்து, மூடி, கரையும்வரை குலுக்கி, ஒரு நிமிடத்துக்குள் நிழலில் நின்று வெள்ளைப் பின்னணியில் நிறத்தை ஒப்பிடவும். வெயில் குளோரினைக் குறைத்துவிடும் என்பதால் மாதிரியைப் பிறகு பார்க்கலாம் என்று எடுத்துவைக்க வேண்டாம். இளஞ்சிவப்பு பளிச்சென்று தோன்றி உடனே மறைந்தால் குளோரின் இல்லை என்று பொருளல்ல. அளவுக்கு மீறி இருப்பதால் அது நிறத்தையே வெளுத்துவிட்டது. அப்போது ஒரு பங்கு மாதிரியோடு ஒன்பது பங்கு வாலைவடி நீர் கலந்து மீண்டும் சோதித்து, கிடைக்கும் அளவைப் பத்தால் பெருக்கவும்.

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வேண்டும் என்கிறது. வைரஸ்களிடமிருந்தும் பாதுகாப்பு தேவையெனில் 0.5. சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் குளோரின் குறையும் என்பதால், லாரிக் குழாயிலேயே 0.5 இருந்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். மறுநாள் காலை சமையலறைக் குழாயிலும் ஒருமுறை பார்க்கவும். லாரியில் இருந்த குளோரின் அங்கே அறவே இல்லையென்றால் சம்ப்பின் அடியில் படிந்த சேற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

குறைவாக இருந்தால், 12,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கூட்டுவதற்கு, 25 சதவீத வலுவுள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 48 கிராம் போதும். அதை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கவும். திறந்து வைத்த பவுடர் நாளடைவில் வலுவிழந்துவிடுவதால், கணக்கைவிடக் குப்பியின் நிறத்தையே நம்ப வேண்டும்.