குழந்தை யாரிடம், எந்த நாள்? பிரிந்து வாழும் பெற்றோர் அட்டவணைச் சண்டையைத் தீர்க்க ஒரு செய்முறை (பெங்களூரு)

"தீபாவளிக்கு என்கிட்ட, பொங்கலுக்கு உன்கிட்ட" என்று பேசி முடித்த ஏற்பாடு ஆறே மாதத்தில் சண்டையாகிறது என்றால், முதலில் அதை எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். அதில் மணி இருக்காது, இடம் இருக்காது, இரண்டு விதி மோதினால் எது முந்தும் என்பதும் இருக்காது. அந்த ஓட்டைகளை அடைப்பதுதான் வேலை.

அடி, மிரட்டல், குழந்தைக்கு ஆபத்து இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தாது. அங்கே பேச்சுவார்த்தை வேண்டாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, பிறகு நீதிமன்றம்.

1. புகாரைப் பிரச்சினையாக மாற்றுங்கள்

"அவர் எப்பவும் லேட்" என்பது புகார். "ஞாயிறு 6 மணிக்கு வர வேண்டிய பிள்ளை 8 மணிக்கு வருகிறது; திங்கள் காலை ஸ்கூல் பஸ் 7.10க்கு" என்பது தீர்க்கக்கூடிய பிரச்சினை. பேச உட்கார்ந்தால் ஒன்றை மட்டும் எடுங்கள். ஜீவனாம்சப் பாக்கியை இதில் இழுக்கவே கூடாது. பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் செய்தவருக்கே பாதகமாக முடியும்.

2. 14 கட்டம் போடுங்கள்

இரண்டு வாரத்துக்கு 14 கட்டம் வரைந்து, பிள்ளை எந்த இரவு எங்கே தூங்குகிறது என்று குறியுங்கள். ஒன்றுவிட்ட வாரம் வெள்ளி மாலை முதல் திங்கள் காலை பள்ளி வரை என்றால் 3 இரவு. இரண்டு வாரமும் புதன் இரவைச் சேர்த்தால் 5. எண்ணிக்கை கண் முன்னால் இருந்தால் "எனக்கு நேரமே தர்றதில்லை" என்ற பேச்சு "ஒரு புதன் கூடுதலாக வேண்டும்" என்று சுருங்கிவிடும்.

பலர் சறுக்கும் இடம்: "மாதத்தின் முதல், மூன்றாம் சனி" என்று எழுதுவது. வருடத்தில் குறைந்தது 4 மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். அப்போது மூன்றாம் சனிக்கும் அடுத்த முதல் சனிக்கும் நடுவே 21 நாள் ஓடிவிடும். அதற்குப் பதில் தொடங்கும் தேதியை எழுதி, அதிலிருந்து 14 நாளுக்கு ஒருமுறை என்று போடுங்கள். நடுவில் ஒரு வாரம் மாற்றிக்கொண்டாலும் இந்த எண்ணிக்கை நகராது என்ற வரியும் அவசியம்.

3. ஒப்படைக்கும் இடம், நேரம்

பள்ளிதான் சிறந்த இடம். காலையில் ஒருவர் விட, மாலையில் மற்றவர் அழைத்துக்கொண்டால் இருவரும் முகம் பார்க்கவே வேண்டாம். அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பள்ளியில் முன்பே கேட்டுவிடுங்கள். விடுமுறை நாளில் மெட்ரோ நிலையம் நல்லது: ஒருவர் அல்சூர், மற்றவர் ஒயிட்ஃபீல்டு என்றால் பர்ப்பிள் லைனில் நடுவே ஏதாவது ஒரு நிலையம், எந்த வாசல் என்பதோடு. வெள்ளி மாலை 6 மணிக்கு, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வருவதாக யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். 30 நிமிடம் சலுகை, அதற்கு மேல் என்றால் போன்; இது போதும்.

4. பண்டிகையும் லீவும்

தீபாவளி என்று மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நம் வீடுகளில் நரக சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியல்தான் தீபாவளி. கர்நாடகத்தில் தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வரும் பலிபாட்யமிக்கும் விடுமுறை உண்டு. கணவனும் மனைவியும் வேறு வேறு ஊர் வழக்கம் என்றால் இருவர் மனதிலும் இருப்பது வேறு நாள். "நரக சதுர்த்தசிக்கு முந்தைய நாள் மாலை 6 முதல் நரக சதுர்த்தசி அன்று மாலை 6 வரை, ஒற்றைப்படை ஆண்டில் அம்மா, இரட்டைப்படையில் அப்பா" என்று எழுதுங்கள். பொங்கலுக்கு இங்கே தமிழ்நாடு போல நீண்ட லீவு கிடையாது. மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வகுப்பு போகும். எத்தனை நாள் விடலாம் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

கோடை விடுமுறையைச் சரிபாதியாகப் பிரிக்கலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு மாதம் நீளம். 7 நாள் துண்டுகள் போதும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறப்பதால், பயணத் தேதியை 65 நாளுக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வைத்தால் சிக்கல் குறையும்.

மோதினால் எது முந்தும்: பண்டிகை, பிறகு லீவு, கடைசியில் வழக்கமான வாரம்.

5. மாற்றம் கேட்கும் முறை

எழுத்தில், குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக, ஈடு நாளோடு. "வர்ற சனி (14) ஆபீஸ் வேலை இருக்கு. பதிலுக்கு 21, 22 நான் வச்சுக்கலாமா? வியாழன் ராத்திரி 9க்குள்ள சொல்லுங்க." பதில் வராவிட்டால் 'இல்லை' என்று பொருள், பழைய அட்டவணையே நடக்கும். இதைச் சொல்லி வைக்காததால்தான் பாதிச் சண்டை. பிள்ளையைத் தூது அனுப்பக் கூடாது.

6. முடியவில்லை என்றால்

இருவரும் மதிக்கும் ஒரு பெரியவர் பேசிப் பார்க்கலாம். தாய்மாமனோ அத்தையோ வேண்டாம், கட்சி கட்டிவிடுவார்கள். அடுத்தது சமரசம். பெங்களூரில் சமரச மையமும் குடும்ப நீதிமன்றமும் சித்தையா சாலை நியாய தேகுலா வளாகத்தில் இருக்கின்றன. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, முதலில் சமரசத்துக்கு முயலும் கடமையை நீதிமன்றத்தின் மேலேயே வைக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத பெண்ணுக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தில் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும்.

நீங்களே கையெழுத்திட்ட தாள் நல்ல நினைவூட்டல், ஆனால் அது நீதிமன்ற உத்தரவு ஆகாது. வழக்கு நடந்துகொண்டிருந்தால் அட்டவணையைக் கூட்டு மனுவாகத் தாக்கல் செய்து உத்தரவில் சேர்க்கச் சொல்லுங்கள். 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956. அது தந்தை பார்ப்பதற்குத் தடை அல்ல. பிள்ளை வளர்ந்து, பள்ளியோ வீடோ மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம். ஆகவே ஒவ்வொரு கல்வியாண்டும் பள்ளி நாட்காட்டி கைக்கு வந்த வாரத்திலேயே 14 கட்டத்தை மறுபடி போடுங்கள்.