கல்வெட்டு படிக்க ஒரு கல் போதும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 22 ஆண்டுகளாகக் கடைப் பலகை எழுதுகிறேன். கல்வெட்டைப் படிக்க நானாகவே கற்றுக்கொண்டேன் என்று சொன்னால், எங்கிருந்து தொடங்குவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஆண்டு நான் கோயில் கோயிலாக அலைந்து படம் எடுத்துக் குவித்தேன். ஒரு வரிகூடப் படிக்க வரவில்லை. கல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் பாடம், அதாவது அதில் வெட்டியிருக்கும் வாசகம், முன்பே அச்சாகியிருக்க வேண்டும், சொல்லும் செய்தி உங்களை இழுக்க வேண்டும். எனக்கு அப்படி அமைந்தது கெடிலக் கரையில் உள்ள திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில் கல்வெட்டு. மூன்றாம் இராசராச சோழனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், போசள (ஹொய்சள) மன்னன் நரசிம்மனின் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், வந்து மீட்டதையும் அது சொல்கிறது. வரும் வழியில் அந்தப் படை திருப்பாதிரிப்புலியூரில் தங்கியிருக்கிறது. நான் தினமும் பலகையில் எழுதும் ஊர்ப்பெயர் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது என்று அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி ஒரு சொல் உங்கள் கல்லிலும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அச்சிட்ட பாடத்தைக் கையில் எடுங்கள். என் கல்லின் பாடம் ‘எபிகிராபியா இண்டிகா’ என்ற கல்வெட்டு வெளியீட்டின் ஏழாம் தொகுதியில் இருக்கிறது. 1890 முதல் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் நம் மாவட்டத்துக் கோயில்கள் பல உண்டு. பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விடையைப் பார்த்துக்கொண்டு படிப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். விடை தெரிந்தால்தான் கண் பழகும்.

இனி வருவதுதான் முக்கியமான பயிற்சி, இதற்கு மட்டும் மூன்று மாதம் கொடுங்கள். கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒரே மாதிரி நிற்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஆகவே அச்சிட்ட பாடத்தை நோட்டில் கல்லின் முறைப்படி திருப்பி எழுதுங்கள். ‘சோழச்சக்கரவர்த்தி’ என்பது ‘சொழசசககரவரததி’ ஆகும். முதலில் மூச்சுமுட்டும். பத்துப் பக்கம் எழுதியபின், எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்பதை நாக்கே சொல்லிவிடும். கட்டாயம் வாய்விட்டுப் படியுங்கள்.

எழுத்து வடிவத்தையும் கையால் வரைந்தே கற்க வேண்டும். எங்கள் தொழிலில் எழுத்தைக் கண் பார்த்தால் போதாது, கை போய்வர வேண்டும். ட, ப போன்றவை இன்றைய வடிவத்துக்கு நெருக்கமானவை. அவற்றை முதலில் பிடியுங்கள். வடசொற்களில் வரும் கிரந்த எழுத்துகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௫ ஐந்து என்று அறிந்தால் ஆட்சியாண்டு பிடிபடும். திருவந்திபுரம் கல்லில் ‘பதினைந்தாவதின் எதிராமாண்டு’ என்று வருகிறது. பதினைந்துக்கு அடுத்த ஆண்டு, அதாவது பதினாறு. மன்னன் பட்டமேறியது 1216. எனவே காலம் 1231-32. நிலக்கொடைக் கல்லானால் வேலி, மா, காணி என்ற நில அளவுகள் வரும்: 20 மா ஒரு வேலி, மாவில் நான்கில் ஒன்று காணி.

கோயிலில் அனுமதி கேட்டுப் படியுங்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் போங்கள்; நடுப்பகலில் எழுத்து தட்டையாகிவிடும். வெயில் விழாத சுவரானால் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும். மாவு, சுண்ணக்கட்டி, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். தேய்ப்பவரைக் கண்டால் தடுங்கள். அந்தக் கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது.

படிக்க முடியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், எழுத்தெண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளியிட்டு விடுங்கள். சந்தேகங்களை ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தால், விவரம் தெரிந்த ஒருவரைச் சந்திக்கும்போது அவருடைய நேரம் வீணாகாது. அப்படிப்பட்டவரைத் தேட, புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருப்பது நம் பகுதிக்குக் கிடைத்த பேறு.

முதல் கல் அச்சுப்பாடம் இல்லாமல் வாய்க்கு வந்தபிறகே இரண்டாவது கல்லுக்குப் போங்கள். நான் இப்போது புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போகிறேன். அங்கே இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலக் கல்வெட்டுகள் உண்டு, பத்தாம் நூற்றாண்டு. அவனுடைய பட்டத்தை, ‘கசசியுந தஞசையுங கொணட’ என்று, நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் போய்ச் சுவரில் தேட வேண்டும்.