ஸ்டாண்ட் ஸ்பீக்கரோடு சப்வூஃபரைச் சேர்ப்பது எப்படி?

தவிலின் தொப்பியில், அதாவது கனத்த ஓசை தரும் முகத்தில், அடி விழும்போது நெஞ்சு அதிர வேண்டும். என் கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கரில் நாகஸ்வரம் உருக்கும். தொப்பியின் கனம் மட்டும் வராது. 130 மில்லிமீட்டர் வூஃபர் அவ்வளவு காற்றைத்தான் தள்ளும். 47 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் இறங்கிவிடும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கிறார்.

அதற்குத்தான் சப்வூஃபர்: பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டி. முதலில் பெட்டி. சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலுக்கு 10 அங்குல வூஃபர், நாலு பக்கமும் மூடியது போதும். துளை வைத்த பெட்டியை நான் சொல்லமாட்டேன். அடி நின்ற பிறகும் ஓசை இழுக்கும். ஹைஃபை கடைகள் நிறைந்த அடெல்பி கட்டடத்தில் நாலு கடை ஏறி, நன்றாகப் பழகிய பாட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து இடம். சப்வூஃபரைச் சோஃபாவில் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பாஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டி. மூலை வேண்டாம். என் ஹால் அகலம் 3.4 மீட்டர், 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். மூலையில் வைத்தால் அது இன்னும் மோசம்.

சப்வூஃபருக்கான ஒயரை ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையிலிருந்தே எடுங்கள். கட்-ஆஃப், அதாவது சப்வூஃபர் எந்த ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும் என்ற எல்லை, 60-இல் தொடங்கலாம்.

இனி ஃபேஸ். மூன்று வாரம் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சப்வூஃபர் வந்தபிறகு தொப்பி இன்னும் மெலிந்தது. வால்யூமை ஏற்றினால் உறுமல்தான் கூடியது. ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது சப்வூஃபர் பின்னே இழுத்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். 60 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை ஓடவிட்டு, என் மனைவி ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிக்கொண்டே இருக்க, நான் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து கேட்டேன். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி. இரண்டும் ஒரே மாதிரி கேட்டால், திருகு உள்ள பெட்டியில் 90-ஐ முயலுங்கள். காதை நம்பாதவர்களுக்கு அறையின் ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம். அதோடு யூமிக்-1 என்ற அளவீட்டு மைக் வாங்குங்கள். கைப்பேசி மைக்கை பாஸுக்கு நம்பாதீர்கள்.

கடைசியாக வால்யூம்: பெட்டி எங்கே இருக்கிறது என்று காது காட்டிக்கொடுக்காத அளவுக்கு இறக்குங்கள்.

பின்சேர்க்கை: கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒயர் எடுக்கலாமா என்று கேட்டார். அவற்றில் பல பிரிட்ஜ் வகை. மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். சப்வூஃபரின் கறுப்பு (மைனஸ்) ஒயரை அதில் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் கெடலாம். ஆம்ப்ளிஃபயரின் சேஸி எர்த்தில் (உலோக உடலோடு சேர்ந்த எர்த்) மாட்டுங்கள், அதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.

கீழ்வீட்டுக்காரர் புகாருக்கு: பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் பாதம், இரவு 10 மணிக்குப் பிறகு சப்வூஃபர் ஆஃப்.