கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்: பெட்டியில் உள்ள வாட்டை நம்பாமல் அடாப்டரைப் பாருங்கள்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப் கொண்ட கிளாஸ் டி (ஒலிச் சமிக்ஞையை வேகமான மின்துடிப்புகளாக மாற்றிப் பெருக்கும் வகை) ஆம்ப்ளிஃபயர்களின் விளம்பரங்களில் ‘300 வாட் × 2’ என்று கண்டால், அது 10 சதவீத ஒலிச்சிதைவில், ஏறத்தாழ 50 வோல்ட் மின்னழுத்தத்தில், 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச அளவு என்று கொள்ளுங்கள். உடன்வரும் அடாப்டர் 32 வோல்ட், 5 ஆம்பியர் எனில் அது தரக்கூடியது மொத்தமே 160 வாட். இரு சேனல்களும் சேர்ந்து தொடர்ச்சியாக அதைத் தாண்ட இயலாது. ஆகவே, விலையை அடாப்டரோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். வாட் இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும் என்பதால், சிறிய அறைக்கு அதற்கெனக் கூடுதல் பணம் தருவது என் கருத்தில் வீண். அதைவிட, மின்துடிப்புகளை மீண்டும் ஒலி அலையாக்கும் வெளியீட்டு ஃபில்டருக்குப் பின்னிருந்து ஃபீட்பேக் (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் முறை) எடுக்கும் வடிவமைப்பைத் தேடுங்கள். அது இல்லாதவற்றில், இணைக்கும் ஸ்பீக்கரின் மின்மறுப்பை (ஓம் அளவை) பொறுத்து உயர் அதிர்வெண் ஒலிகள் மிகவோ மங்கவோ கூடும்.